ஊர் வாயும் இளந் தலைவரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உங்கள் செயலாளர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்து, ஆண்டு விழாவிலே இளைஞர்களுக்குப் புத்திமதியாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்று கேட்டார். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவனிடம் புத்திமதி நிறைய இருக்கும் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். என்னிடம் இருப்பது ஒரு பழைய கடன். அதைப் பற்றிப் பேச விட்டால் வருகிறேன் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் மரியாதைக்காகச் சம்மதித்துவிட்டார். கடனைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன். முதலில் ஒரு கதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாட்டின் சபையிலே காங்கேசன்துறைத் தொகுதியின் கதிரை ஒன்றுக்கு மேற்பட்ட முறை நெடுநாள் வெறுமையாகக் கிடந்தது. இரண்டாவது முறை இங்கிருக்கும் பெரியோர்களுக்கு நன்கு நினைவிருக்கும். 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்பதைக் காட்டுவதற்காக எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள் தமது பதவியைத் துறந்தார்கள். இடைத்தேர்தலை 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தார்கள். அவர் மறுபடியும் வென்று போனார். அது தெரிந்த கதை. முதலாவது முறை 1931 ஆம் ஆண்டிலிருந்து 1934 வரை. அதை அறிந்தவர்கள் இப்போது குறைவு. அந்தக் கதிரையை வெறுமையாக்கியவர்கள் உங்களைப் போன்ற வாலிபர்கள்.

1924 ஆம் ஆண்டின் இறுதியிலே யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் என்றொரு சபை தோன்றியது. பின்னர் அது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. 1927 நவம்பரில் மகாத்மா காந்தி யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது அவரை வரவேற்பதில் முன்னின்றவர்கள் இவர்களே. ஹண்டி பேரின்பநாயகம் இவர்களுள் முதல்வர். 1899 இல் மானிப்பாயிலே பிறந்தவர். யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். மற்றவர்களிலும் பெரும்பாலானோர் ஆசிரியர்கள், மாணவர்கள். அக்காலத்தில் ஆசிரியருடைய சோறு பாடசாலை முகாமையாளரின் கையிலே இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். பூரண சுதந்திரம் வேண்டும், சுதேசி உடை வேண்டும், தாய்மொழியில் கல்வி வேண்டும், சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று இவர்கள் பேசினார்கள்.

பேசியதோடு நின்றிருந்தால் இன்று அவர்களைப் பற்றி நான் பேச வந்திருக்க மாட்டேன். அவர்கள் செய்தவற்றுள் இரண்டு காரியங்களை மட்டும் எடுத்துக் கொள்ளுகிறேன்.

ஒன்று சம ஆசனமும் சமபந்தியும். அந்நாளில் நமது பாடசாலைகள் பலவற்றிலே சில பிள்ளைகளுக்கு வாங்கு. சில பிள்ளைகளுக்கு நிலம். ஒரே பாடம், ஒரே வாத்தியார், ஒரே தேவாரம். இருக்கை மாத்திரம் வேறு. அரசாங்கத்தின் உதவிப் பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருத்தப்பட வேண்டும் என்ற விதி 1930 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நடைமுறைக்கு வந்தபோது யாழ்ப்பாணம் கொதித்தது. மனுக்கள் பறந்தன. பிள்ளைகளை மறித்து வைத்தார்கள். பாடசாலைகள் சில எரிந்தன. பிள்ளை வாங்கில் இருந்ததற்காகப் பள்ளிக்கூடத்துக்கு நெருப்பு வைத்த சமூகம் நம்முடையது. இதை நமது பெருமைகளைச் சொல்லும் மேடைகளில் ஒருவரும் சொல்லுவதில்லை. அந்த வேளையில் வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. தங்கள் மகாநாடுகளிலே எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் இருந்து உண்ண வேண்டும் என்றும் நடத்திக் காட்டியது.

இதற்கு அவர்களுக்குக் கிடைத்தது என்ன? கைதட்டல் கிடைக்கவில்லை. எதிர்ப் பக்கத்தில் நின்றவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை. சொந்தத் தகப்பன்மார், பெரியப்பாமார், ஊர்க் கோயிலில் பக்கத்தில் நின்று கும்பிடுகிறவர்கள். சமபந்தியில் இருந்த பொடியனுக்குக் கலியாணம் பேசப் போவது எவ்வளவு சிரமமான காரியமாக இருந்திருக்கும் என்பதைத் தாய்மார்கள் எனக்கு விளக்கத் தேவையில்லை.

மற்றது பகிஷ்காரம். டொனமூர் அரசியல் திட்டம் 1931 இல் நடைமுறைக்கு வந்தது. வயது வந்த ஆண் பெண் யாவருக்கும் அது வாக்குரிமை கொடுத்தது. ஆனால் பூரண சுயாட்சி கொடுக்கவில்லை. 1931 ஏப்ரிலில் நடந்த வாலிபர் காங்கிரஸ் மகாநாட்டிலே, இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்தியாயாவும் கலந்துகொண்டார். அங்கே தேர்தலைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. ஊரெங்கும் கூட்டங்கள், உற்சாகம், ஆரவாரம். மே மாதம் 4 ஆம் தேதி நியமனப் பத்திரம் தாக்கல் செய்யும் நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை என்ற நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட முன்வரவில்லை. போட்டியிட எண்ணியிருந்த பழம்பெரும் அரசியல்வாதிகளும் பின்வாங்கினார்கள். லண்டனிலிருந்த பிலிப் குணவர்த்தனா, யாழ்ப்பாணம் வழிகாட்டிவிட்டது என்றும் வாலிபர்கள் தங்கள் தலைவர்களை வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றும் பாராட்டி எழுதினார். எவ்வளவு பெரிய வெற்றி!

வெற்றிதான். ஆனால் தெற்கிலே தேர்தல் நடந்தது; சபை கூடியது; மந்திரிமார் அமர்ந்தார்கள். இங்கே பின்வாங்கிய பெரியவர்கள் சிறிது காலத்துக்குள்ளே, எங்களுக்கும் தேர்தல் வையுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். 1934 இல் இடைத்தேர்தல் நடந்தது. யாழ்ப்பாணத்துக்கு அ. மகாதேவா, ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வதுரை, பருத்தித்துறைக்கு ஜி. ஜி. பொன்னம்பலம், நமது காங்கேசன்துறைக்குப் பரமேசுவரக் கல்லூரியின் சு. நடேசபிள்ளை என்று நால்வரும் போய் அமர்ந்தார்கள். வாலிபர் காங்கிரஸின் செல்வாக்கு மெல்ல மெல்ல மங்கியது.

பகிஷ்காரம் சரியா பிழையா என்ற வழக்கு தொண்ணூறு வருடங்களுக்கு மேலாக நடக்கிறது. அதற்கு இன்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்த வாலிபர்கள் பதவிக்காகச் செய்யவில்லை. கொள்கைக்காகச் செய்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்கு உறுத்துகின்ற விஷயம் வேறு. மைதானத்திலே ஆயிரம் பேர் கைதட்டினால் அது ஆயிரம் பேருடைய சம்மதம் என்று அவர்கள் எண்ணிவிட்டார்கள். மேடையில் மௌனமாக இருந்து தலையாட்டிய பெரியவர்களுக்கு வீட்டிலே வேறு அபிப்பிராயம் இருந்தது. வாலிபருடைய எதிர்ப்புக்குப் பயந்து, ஊர் முன்னிலையில் தேசத்துரோகி என்ற பெயர் வரக்கூடாதே என்று பயந்து, வாயை மூடிக்கொண்டார்கள். அந்தப் பயம் ஆறியவுடன் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில வாலிபர்களுக்கு இது பிடிக்காமல் இருக்கலாம். நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகளுடைய தாய் தகப்பனுக்கு வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்த வாக்கு 1931 இன் வாக்கு. தென்னிலங்கையில் ஏழை எளியவர்கள் வரிசையில் நின்று அதைப் போட்டபோது, நமது நான்கு தொகுதிகளில் அவர்கள் இன்னும் மூன்று வருடம் காத்திருந்தார்கள். அவர்களுக்காகப் பந்தியில் இருந்தவர்கள்தான் இதையும் செய்தார்கள். ஆரவாரத்தின் நடுவே இது அவர்கள் கண்ணுக்குப் படவில்லைப் போலும்.

பேரின்பநாயகம் அவர்கள் 1947 இல் வட்டுக்கோட்டைத் தொகுதியில் போட்டியிட்டுத் தோற்றார். பின்னர் 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஒருவரை ஓர் இந்துக் கல்லூரி அதிபராக ஏற்றது. அவரும் அதை வளர்த்தார். 1977 இல் காலமானார். வாக்குப் பெட்டியில் தோற்றவர், வகுப்பறையில் தோற்கவில்லை. அவருடைய பகிஷ்காரத்தை இன்று சரித்திர மாணவர்கள்தான் பேசுகிறார்கள். சம ஆசனத்தைப் பற்றியோ பேச வேண்டிய அவசியமே இல்லாமற் போய்விட்டது. எந்தப் பிள்ளையை எங்கே இருத்துவது என்று இன்றைக்கு ஒரு பாடசாலையும் கேட்பதில்லை.

இனி என் கடனுக்கு வருகிறேன்.

1968 ஆம் ஆண்டு. எனக்குப் பத்தொன்பது வயது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தை நோக்கிய பெருந் திருவிழாக் காலம். தாழ்த்தப்பட்டவர்கள் என்று நாம் ஒதுக்கி வைத்திருந்த மக்கள், எங்களையும் உள்ளே விடுங்கள் என்று கேட்டுக் கோயில் வாசலிலே சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. முன்னாள் மந்திரி சி. சுந்தரலிங்கம் அவர்கள் எதிர்ப் பக்கத்தில் முன்னணியில் நின்றார். வழக்கு நீதிமன்றங்கள் ஏறியது. பெரிய மனிதர்களைப் பற்றிச் சரித்திரம் எழுதியிருக்கிறது. நான் சின்ன மனிதர்களைப் பற்றிச் சொல்லுகிறேன்.

எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு வாலிபர் கழகம் இருந்தது. நான் அதன் செயலாளன். நிருவாக சபையில் பதினொரு பேர். கோயிற் பிரவேசத்தை ஆதரித்து மூன்று வரியில் ஒரு தீர்மானம் எழுதினேன். கூட்டத்துக்கு முன்பாக ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டேன். சைக்கிள் கடையில் ஒருவர், கிணற்றடியில் ஒருவர், புகையிலைத் தோட்டத்து வரம்பில் ஒருவர் என்று ஏழு பேர் எனக்குச் சம்மதம் சொன்னார்கள். என்னோடு எட்டு. தீர்மானம் நிறைவேறிவிட்டது என்றே எண்ணினேன்.

கூட்டத்தன்று பின்னேரம் ஊர்ப் பெரியவர் ஒருவர் வாசிகசாலைக்கு வந்தார். மூலையில் இருந்த வாங்கில் அமர்ந்து பேப்பரை விரித்தார். எங்களைப் பார்க்கவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. தீர்மானம் என் சட்டைப் பையில் இருந்தது. நான் ஏழு பேரின் முகத்தைப் பார்த்தேன். ஏழு பேரும் மேசையைப் பார்த்தார்கள். அவர்கள் என் முகத்தைப் பார்த்தபோது நானும் மேசையைப் பார்த்திருப்பேன். அன்று ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறியது. கரப்பந்தாட்டத்துக்குப் புது வலை வாங்குவது என்று.

இரண்டு நாள் கழித்து றோட்டில் ஒருவனைக் கண்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில், ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அந்த வாங்கை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் முப்பது வருடத்துக்கு முந்திய வாலிபர்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வகுப்பிலே என்னை ‘நீ, வா, போ’ என்றுதான் பேசுவான். தீர்மானத்தைப் பற்றி அவனுக்கு நான்தான் முதலில் சொல்லியிருந்தேன். சைக்கிளை விட்டு இறங்கி நின்று, “தீர்மானத்தை வைச்சிட்டீங்களோ?” என்று கேட்டான். அடுத்த கூட்டத்தில் வைப்போம் என்றேன். “ஓம்” என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் என்னை ‘நீங்கள்’ என்றது அதுதான் முதல் தடவை. பிறகு எப்போதும் அப்படியே. புது வலை கட்டின பிறகு பந்தடிக்கவும் அவன் வரவில்லை.

1990 ஜூன் மாதம் நாங்கள் எல்லோரும் இந்த மண்ணை விட்டு ஓடினோம். இங்கிருக்கும் இளைஞர்களிற் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். தெற்குப் பக்கத்திலே ஒரு பாடசாலையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. வாங்குகளை வெளியே அடுக்கிவிட்டு எல்லோரும் நிலத்தில் படுத்தோம். யார் பக்கத்தில் யார் என்று பார்க்க அங்கே இடம் இருக்கவில்லை. ஒரே பானைச் சோறு, ஒரே வரிசை. வாசிகசாலையில் பேப்பர் பார்த்த அந்தப் பெரியவரும் அந்த வகுப்பறையில்தான் இருந்தார். மிகவும் தளர்ந்துவிட்டார். ஓர் இரவு அவரிடம், “ஐயா, அன்று எங்களை மறிக்கத்தானே வந்தனீங்கள்?” என்று கேட்டேன். அவருக்கு நெடுநேரம் எந்த நாள் என்று பிடிபடவில்லை. சொன்னேன். யோசித்துவிட்டு, “நான் பேப்பர் பார்க்க வந்தனான், தம்பி. நீங்கள் ஏதோ வலை வாங்குகிறதைப் பற்றியல்லோ கதைச்சனீங்கள்” என்றார்.

அவர் உண்மை சொன்னாரோ, மழுப்பினாரோ, அறியேன். ஆனால் ஊர் ஊர் என்று நான் பயந்தது அந்த வாங்கில் இருந்த ஒரு கிழவருக்கு. அதற்கும் மேலாக, மேசையைப் பார்த்துக் கொண்டிருந்த என்னையொத்த ஏழு பேருக்கு. அவர்கள் எனக்குப் பயந்தார்கள். 1931 இல் ஆரவாரத்தைச் சம்மதம் என்று எடுத்தார்கள். நாங்கள் 1968 இல் மௌனத்தை எதிர்ப்பு என்று எடுத்தோம். கணக்கு இரண்டு இடத்திலும் பிழைத்தது.

வாலிப நண்பர்களே, உங்களுக்கு வாசிகசாலையின் அந்த ஒரு வாங்கு இல்லை. உங்கள் கையிலே இருக்கும் கைத்தொலைபேசியில் ஊர் முழுவதும், லண்டனும் ரொறன்ரோவும் சேர்ந்து, எந்நேரமும் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உலருணவுப் பொதி கொடுக்கும்போது, வாங்குகிற தாயின் முகமும் படத்தில் விழவேண்டும் என்று அவரைத் திரும்பி நிற்கச் சொல்லுகிறீர்கள். உங்கள் சங்கத்தைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்லுகிறேன். உங்கள் சங்கத்தையும் ஒருக்கால் பார்த்துக் கொள்ளுங்கள். பதாகையிலே தலைவருடைய படம் பிள்ளையாரின் படத்திலும் பெரிதாக இருக்கிறது. படத்துக்கு வாழப் பழகிவிட்ட தலைவனாலே, படத்துக்கு ஒவ்வாத ஒரு வார்த்தையைச் சொல்வது வரவரக் கடினமாகிவிடும்.

2018 இல் தென்மராட்சியில் ஒரு கோயிலிலே, யார் வடம் பிடிப்பது என்ற வில்லங்கத்தில் மண் அள்ளும் இயந்திரத்தைக் கட்டித் தேரை இழுத்தார்கள். சாதிதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் படம் உலகம் சுற்றியது. நமது இளைஞர்களும் அதைப் பகிர்ந்து சிரித்தார்கள், கோபப்பட்டார்கள். நல்லது. ஆனால் அப்படிக் கோபப்பட்ட ஒரு தம்பியிடம், உங்கள் ஊரில் யார் யார் வடம் பிடிக்கிறார்கள் என்று கேட்டேன். “அது ஐயா, எங்கட ஊர்ப் பிரச்சினை வேற” என்றார். அடுத்த ஊர்ச் சாதிக்கு முகநூலில் எழுதலாம். சொந்த ஊர்ச் சாதிக்கு எழுந்து நின்று வாயைத் திறக்க வேண்டும். அது 1930 இலும் அப்படித்தான்.

பெரியோர்களுக்கும் ஒன்று சொல்ல உரிமை தாருங்கள். நாம் மீண்டும் இந்த மண்ணுக்கு வந்தோம். 2015 இல் புகையிரதமும் துறைமுகத்தடிக்கு வந்துவிட்டது. சிலருடைய காணி இன்னும் விடுபடவில்லை. காணியே இல்லாதவர்கள் நெடுங்காலம் முகாம்களிலேயே கிடந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் எந்தப் பக்கத்துச் சனம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வகுப்பறை நிலத்தில் பக்கத்தில் படுத்தவர்களுடைய பிள்ளைகள் இந்தச் சங்கத்தின் அங்கத்துவப் பட்டியலில் எத்தனை பேர்? செயலாளரிடம் நேற்றுக் கேட்டேன். எண்ணிச் சொல்லுகிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை; அவருடைய வயதில் நான் வலை வாங்கினவன். ஆனால் அவர் எழுந்து பேசும்போது நீங்கள் மூலையில் இருந்து பேப்பர் விரிக்காதீர்கள். உங்களுக்கு அபிப்பிராயம் இருந்தால் ஆம் என்றோ இல்லை என்றோ வாயால் சொல்லுங்கள். இல்லை என்று சொன்னாலும் பிள்ளைகள் தாங்குவார்கள்.

என் தீர்மானத்தின் கடதாசி வீட்டுப் பெட்டகத்தில் இருந்தது. 1990 இல் அதை எடுக்க நினைக்கவில்லை; உறுதியையும் தாலியையும் எடுத்துக்கொண்டு ஓடினோம். திரும்பி வந்தபோது பெட்டகமும் இல்லை, அது இருந்த சுவரும் இல்லை. என்னைப் ‘நீங்கள்’ என்றவன் வேறொரு தேசத்தில் காலமாகிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். ஆனபடியால் அந்தக் கடனை அவனிடம் தீர்க்க வழியில்லை.

அந்த மூன்று வரியையும் ஞாபகத்திலிருந்து இன்று காலை எழுதினேன். ‘கோயில்’ என்று இருந்த இடத்தில் ‘கோயிலும் சங்கமும்’ என்று ஒரு சொல் கூட்டியிருக்கிறேன். ஐம்பத்தைந்து வருடத்துக்கு மேலான வட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். கடதாசியை இதோ உங்கள் செயலாளர் கையில் கொடுக்கிறேன். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு என்னையும் அழைத்தால் வந்து மூலையில் இருக்கமாட்டேன். முன் வரிசையில் இருந்து முதல் ஆளாகக் கை உயர்த்துகிறேன்.